திரும்பி வர ஒரு முகவரி வேண்டாமா?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது, தாளின் இடது ஓரத்தில் முதல் வார்த்தையாக ‘அனுப்புநர்’ என்றுதான் எழுதச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ‘பெறுநர்’. பரீட்சையில் அனுப்புநர் முகவரியை விட்டுவிட்டால் மார்க் போய்விடும். அதே பிள்ளைகள் வளர்ந்து, சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து, தினம் பத்து கவர் அனுப்பும் நிலைக்கு வந்ததும் முதலில் மறப்பது அந்த அனுப்புநரைத்தான். ‘டு’ அட்ரஸை இரண்டு தடவை சரிபார்ப்பார்கள். ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் கடைப் பெயரும் செல் நம்பரும் மட்டும் இருக்கும். சிலர் அதுகூட எழுதுவதில்லை. ‘அதான் ரசீது இருக்கே, போய்ச் சேராமலா இருக்கும்?’ என்ற நம்பிக்கைதான்.

பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். சேராத ஒன்றிரண்டில்தான் வில்லங்கமே இருக்கிறது. திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே குழந்தைகள் துணி தைத்து விற்கும் ஒரு பெண்மணிக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு தீபாவளி சீசனே செலவானது.

கணவருக்குத் தனியார் கம்பெனியில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு. வீட்டில் மாமியார். தையல் மெஷின் ஒன்றோடு ஆரம்பித்து, பச்சிளம் குழந்தைகளுக்கான ஜபலா, பருத்திப் பாவாடை சட்டை என்று தைத்து வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்று வந்தார். காசு ஜிபேயில் வந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள் தபால் ஆபீஸுக்குப் போய் பார்சலை அனுப்பிவிட்டு வருவார். திருநெல்வேலி டவுனில் வாடகை வீட்டில் இருந்தபோது, ஒவ்வொரு கவரிலும் கையால் எழுதிச் சலித்துப்போய், அனுப்புநர் முகவரியை ஸ்டிக்கராக ஆயிரம் அடித்து வாங்கினார்.

அதில் முந்நூறுகூட தீரவில்லை, வீடு மாற வேண்டியதாகிவிட்டது. டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். கேஸ், ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் என்று எல்லாவற்றிலும் முகவரியை மாற்றினார்கள். புதிதாகப் பில் புத்தகம் அடித்தபோது அதிலும் புது முகவரியைப் போட்டார். ஸ்டிக்கரை மட்டும் மாற்றவில்லை.

“எழுநூறு ஸ்டிக்கர் கிடக்கு. காசு போட்டு அடிச்சது. ஃப்ரம் அட்ரஸை யாரு பாக்கப் போறா? போன் நம்பர்தான் அதே நம்பராச்சே” என்று கணவரிடம் சொன்னார். கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்துகிற யாரும் சொல்லக்கூடியதுதான்.

ஆறு மாதம் ஒரு சிக்கலும் வரவில்லை. அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்தது.

தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குக் கரை வைத்த பாவாடை சட்டை. 1,150 ரூபாய். இரண்டு ராத்திரி உட்கார்ந்து தைத்து, அயர்ன் செய்து, பில்லோடு சேர்த்து பேக் பண்ணி அனுப்பினார். அந்தச் சமயம் பார்த்து கோவைக் குடும்பத்தில் பாட்டிக்கு உடம்புக்கு முடியாமல் போக, எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். தபால்காரர் வந்தார், கதவு பூட்டியிருந்தது. போன் செய்தார். தெரியாத நம்பர் என்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் எடுக்கவில்லை. மறுபடி வந்தார். அப்போதும் பூட்டு. சில நாள் வைத்திருந்துவிட்டு, விதிப்படி பார்சலை அனுப்பியவருக்கே திருப்பிவிட்டார்கள்.

அனுப்பியவர் யார்? ஸ்டிக்கரில் இருந்த டவுன் வீடு. அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள், “அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே” என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பல வருடமாக அந்தத் தெருவுக்கு வரும் போஸ்ட்மேன் அண்ணாச்சிக்கு இந்தப் பெண்மணியை நன்றாகத் தெரியும். அவர் வந்திருந்தால், ‘ஏம்மா, உன் பார்சல் ஒண்ணு வந்திருக்கு’ என்று ஒரு போன் போட்டிருப்பார். அன்றைக்கு அவர் லீவு. மாற்று ஆளாக வந்தவருக்கு யாரைத் தெரியும்?

பாளையங்கோட்டையில் இருந்தவர் மொபைலில் டிராக்கிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு பூட்டு என்று காட்டியது. பிறகு அனுப்பியவருக்குத் திருப்பப்படுகிறது என்று காட்டியது. சரி, வரட்டும், வந்ததும் மறுபடி அனுப்பலாம் என்று காத்திருந்தார். வரவில்லை.

ஊர் திரும்பிய கோவைப் பெண் மெசேஜ் அனுப்பினார். “அக்கா, டிரெஸ் வரலை. பர்த்டே முடிஞ்சிடுச்சு. பணத்தைத் திருப்பி அனுப்பிடுங்க.”

“நான் அனுப்பிட்டேம்மா. ரசீது இருக்கு. நீங்கதான் வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டீங்க.”

“அப்படின்னா பார்சல் உங்ககிட்டதானே அக்கா திரும்பி வந்திருக்கணும்? துணியும் உங்ககிட்ட, பணமும் உங்ககிட்டயா?”

நியாயமான கேள்வி. “இங்கயும் வரலைம்மா” என்பதுதான் உண்மையான பதில். ஆனால், எழுதிப் பார்த்தபோது அவருக்கே அது பொய் மாதிரி தெரிந்தது. கோவைப் பெண் அதை நம்பவில்லை. இளம் தாய்மார்கள் இருக்கும் ஒரு குழுவில், ‘இவங்ககிட்ட வாங்காதீங்க, பணத்தை வாங்கிட்டு ஏமாத்தறாங்க’ என்று எழுதிவிட்டார். இவருடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தக் குழுவில்தான் இருந்தார்கள். முந்தின வருடத் தீபாவளிக்கு அறுபது ஆர்டருக்கு மேல் தைத்தவருக்கு, அந்த வருடம் வந்தது பதினான்கு. பணத்தைத் திருப்பிப் போட்டார். பேர் போனது போனதுதான்.

“பத்து பைசா யாரையும் ஏமாத்தினதில்லை அத்தை” என்று மாமியாரிடம் சொல்லி அழுதபோதும், தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கோவைத் தபால்காரர் மீதும், பூட்டிப் போன அந்தக் குடும்பத்தின் மீதும்தான் கோபம் இருந்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த இளைஞர்தான் கண்டுபிடித்தார். ரசீதை வாங்கி, கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார்.

“அக்கா, ஃப்ரம் அட்ரஸ்ல 627006 இருக்கு. அது டவுன்லா? நீங்க இப்ப எங்க இருக்கீங்க?”

“இங்கதான் தம்பி, பாளையங்கோட்டை. 627002.”

“அப்ப பார்சல் ஆத்துக்கு அந்தப் பக்கம்லா போயிருக்கும்!”

“என் போன் நம்பர் அதுலேயே இருக்கே தம்பி?”

“போன் பண்ணாலும் பண்ணுவாங்க, பண்ணாமலும் விடுவாங்க. பை எந்த ஆபீஸுக்குப் போகணும்கிறதைப் பின்கோடுதான் சொல்லும். திரும்பி வர்ற தபாலுக்கும் அதே கணக்குதான்க்கா.”

பின்கோடு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஒரே பெயரில் பல ஊர்கள், ஊர் ஊருக்கு மாறும் எழுத்துகள், கையெழுத்துக் குழப்பம் எல்லாவற்றையும் சமாளிக்க, தபால் துறையில் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் கொண்டுவந்த ஏற்பாடு. ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் 6. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்தால் தபால் பிரிக்கும் மாவட்டம். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸ். திருநெல்வேலி டவுனும் பாளையங்கோட்டையும் 627 வரை ஒன்றுதான். கடைசி ஓர் இலக்கத்தில் தாமிரபரணியே குறுக்கே வந்துவிடுகிறது.

‘பிள்ளையார் கோயில் தெரு’ இல்லாத ஊர் உண்டா? ‘காந்தி நகர் 2-வது தெரு’ எத்தனை ஊரில் இருக்கிறது? கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர்களிலெல்லாம் ரத வீதி இருக்கும். பெறுநர் முகவரிக்குப் பின்கோடு எவ்வளவு அவசியமோ, அனுப்புநருக்கும் அவ்வளவு அவசியம். திரும்பி வரும் பயணத்தில் அனுப்புநர்தான் பெறுநர்.

“அப்ப என் பார்சல் இப்ப எங்க தம்பி இருக்கும்?”

“டு அட்ரஸ்லயும் வாங்கலை, ஃப்ரம் அட்ரஸ்லயும் ஆள் இல்லைன்னா ஆர்.எல்.ஓ.வுக்குப் போயிரும்க்கா. பாப்போம், உள்ள ஏதாவது வச்சிருந்தா வந்தாலும் வரும்.”

ஆர்.எல்.ஓ. என்றால் ரிட்டர்ன் லெட்டர் ஆபீஸ். முன்பு இதற்கு ‘டெட் லெட்டர் ஆபீஸ்’ என்று பெயர். கொடுக்கவும் முடியாமல், திருப்பவும் முடியாமல் நிற்கும் தபால்கள் போய்ச் சேரும் இடம். அடுத்தவர் தபாலைப் பிரிக்கக் கூடாது. ஆனால், இங்கே மட்டும் அதற்கென்று அதிகாரம் பெற்ற ஊழியர்கள் கவரைப் பிரித்து, உள்ளே எங்காவது முகவரி இருக்கிறதா என்று பார்க்கலாம். 1898-ம் வருட அஞ்சல் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. முகவரி கிடைத்தால் அதற்கு அனுப்பிவைப்பார்கள். கிடைக்காவிட்டால் குறிப்பிட்ட காலம் வைத்திருந்துவிட்டுக் கடிதங்களை அழித்துவிடுவார்கள். விலை போகும் பொருளாக இருந்தால் விற்றுவிடுவார்கள்.

ஏழு வாரம் கழித்து அந்தப் பார்சல் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தது. பிரித்து மறுபடி ஒட்டிய கவர். உள்ளே இருந்த பில்தான் அதைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. வீடு மாறிய பிறகு அடித்த பில் புத்தகம் ஆயிற்றே, அதில் சரியான முகவரி இருந்தது.

கவரைப் படம் எடுத்து, இரண்டு முகவரிகளையும் காட்டி, நடந்ததை அப்படியே கோவைப் பெண்ணுக்கு எழுதினார். “தப்பு என் பேர்லதாம்மா. பழைய அட்ரஸ் ஸ்டிக்கரை ஒட்டிட்டேன். டிரெஸ்ஸைக் காசு வாங்காம அனுப்பறேன்” என்றார்.

ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது. “நானும் அவசரப்பட்டு எழுதிட்டேன் அக்கா. டிரெஸ் பாப்பாவுக்குப் பத்தாது. தங்கச்சி பொண்ணுக்குப் போட்டுக்கறோம். பணம் அனுப்பறேன், வேண்டாம்னு சொல்லாதீங்க.” குழுவில் போட்ட பதிவை நீக்கிவிட்டு, நடந்ததை எழுதவும் செய்தார். போன வாடிக்கையாளர்கள் மறுநாளே வந்துவிடவில்லை. பொங்கலுக்குக் கொஞ்சம், சித்திரைக்குக் கொஞ்சம் என்று வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

கவரில் என்ன எழுத வேண்டும்?

அன்றைக்குக் கவுன்ட்டர் தம்பியிடம் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

அனுப்புநர் பகுதியில் கடைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேருக்குத் தெரிந்த பெயர், வாசலில் போர்டு இல்லாவிட்டால் தெருவுக்கு வரும் தபால்காரருக்குத் தெரியாது. கடைப் பெயருக்குக் கீழே, அந்த வீட்டில் கேட்டால் ‘ஆமா, இருக்காங்க’ என்று சொல்லக்கூடிய ஓர் ஆளின் பெயர் வேண்டும். பிறகு கதவு எண், தெரு, பகுதி, ஊர், பின்கோடு. கடைசியில் செல் நம்பர்.

‘அனுப்புநர்’ அல்லது ‘ஃப்ரம்’ என்று தலைப்பு போட்டு, கவரின் இடதுபுறம் கீழே, பெறுநர் முகவரியைவிடச் சின்ன எழுத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், தபால் பிரிக்கும் அவசரத்தில் அனுப்பியவர் வீட்டுக்கே பார்சல் வந்து நிற்பதும் உண்டு. மழைக்காலத்தில் மை கரையாமல் இருக்க, முகவரி மேல் கண்ணாடி டேப் ஒட்டலாம். பழைய அட்டைப்பெட்டியை மறுபடி பயன்படுத்தினால், அதில் ஏற்கெனவே இருக்கும் முகவரியையும் பார்கோடையும் முழுசாக அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெஷின் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

பார்சலுக்குள் இரண்டு முகவரிகளும் எழுதிய ஒரு சீட்டு இருக்க வேண்டும். மேலே ஒட்டியது கிழிந்தாலும், உரிந்தாலும், உள்ளே இருப்பது காப்பாற்றும். இவர் விஷயத்தில் காப்பாற்றியதும் அதுதான்.

வீடோ கடையோ மாறினால், பழைய முகவரிக்குப் பட்டுவாடா செய்யும் தபால் ஆபீஸில், வருகிற தபாலைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும்படி எழுதிக் கொடுக்கலாம். பல பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. அதை முதலிலேயே செய்திருந்தால், டவுன் வீட்டு வாசலிலிருந்து அந்தப் பார்சல் நேராகப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கும்.

“வீட்டு விலாசத்தை ஊரெல்லாம் ஒட்டணுமா?”

சரியான முகவரியோடு புது ஸ்டிக்கர் அடித்த மூன்றாவது மாதம் வேறொரு பிரச்னை வந்தது. ஒரு மத்தியான வேளை, முன்பின் தெரியாத ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். யார் வீட்டுக்கோ வந்த பார்சல் கவரில் முகவரியைப் பார்த்தாராம். துணி பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். போனில் கேட்டுவிட்டு வரும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். தப்பான ஆள் என்றும் சொல்ல முடியாது. ஆனாலும், அன்று முழுவதும் இருவருக்கும் மனசு சரியில்லை.

“வயசுப் பிள்ளை இருக்கிற வீடும்மா. வீட்டு விலாசத்தையும் போன் நம்பரையும் இப்படி ஊரெல்லாம் ஒட்டி அனுப்பணுமா?” என்றார் மாமியார்.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் பலர் அனுப்புநர் முகவரியை எழுதாமல் விடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை, இந்தப் பயம்தான். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், முகவரியை விட்டுவிட்டால் பார்சல் போகிறது, மாற்றி எழுதினாலும் போகிறது. இதற்கு வழி என்ன?

வழியைச் சொன்னவர் டவுன் போஸ்ட்மேன் அண்ணாச்சி. வழியில் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது, “ஏம்மா, பெரிய ஆபீஸ்ல போஸ்ட் பாக்ஸ் எடுத்துக்கிட வேண்டியதுதானே?” என்றார். பெரிய தபால் நிலையங்களில் வருட வாடகைக்குப் பூட்டும் சாவியுமாக ஒரு சின்னப் பெட்டி கொடுப்பார்கள். அதற்கு ஓர் எண். கவரில் வீட்டு முகவரிக்குப் பதில் போஸ்ட் பாக்ஸ் எண், அந்தத் தபால் நிலையத்தின் பெயர், பின்கோடு எழுதினால் போதும். பெட்டிக்குள் அடங்காத பார்சல் வந்தால் தகவல் சீட்டு வைத்திருப்பார்கள். கவுன்ட்டரில் காட்டி வாங்கிக்கொள்ளலாம். வாரம் மூன்று நாள் தபால் ஆபீஸுக்குப் போகிறவருக்கு இதில் கூடுதல் அலைச்சலும் இல்லை.

அது தோதுப்படாதவர்கள், சொந்தக்காரரின் கடை முகவரியை அவர் சம்மதத்தோடு ‘மே/பா’ என்று போட்டுப் பயன்படுத்தலாம். சம்மதம் என்பது முக்கியம். கடையில் இருக்கும் பையனுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், ‘அப்படி யாரும் இல்லை’ என்று அவனும் சொல்லி அனுப்பிவிடுவான். வீட்டு எண்ணுக்குப் பதிலாக வியாபாரத்துக்கென்று தனி செல் நம்பரும் வாங்கிக்கொண்டார் இவர். மாமியாருக்கு நிம்மதி.

பிரிக்காத கவர்

திரும்பி வரும் கவர் துணி வியாபாரத்துக்கு மட்டும் முக்கியமில்லை. இவருடைய அண்ணன் கோவில்பட்டியில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் கொடுத்த 86,000 ரூபாய் செக் பணமில்லாமல் திரும்பிவிட்டது. செலாவணி முறிச்சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு போட வேண்டுமென்றால், செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் தராவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம்.

நோட்டீஸ் தபாலில் போனது. எதிராளி வாங்கவில்லை. ‘வாங்கிக்கொள்ளப்படவில்லை’ என்ற குறிப்போடு வக்கீல் ஆபீஸுக்கே திரும்பி வந்தது. அண்ணன் பதறிப்போனார்.

“என்ன சார், நோட்டீஸே வாங்கலை. கேஸ் அவ்வளவுதானா?”

“அண்ணாச்சி, முதல்ல அந்தக் கவரைப் பிரிக்காதீங்க. அதுதான் நம்ம சாட்சி” என்றார் வக்கீல்.

சரியான முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினால், அது சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 1897-ம் வருடப் பொது விதிகள் சட்டத்தின் 27-வது பிரிவு. செக் வழக்குகளில் இது எப்படிப் பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2007-ல் அலவி ஹாஜி வழக்கில் விளக்கியிருக்கிறது. வேண்டுமென்றே தபாலைத் தவிர்க்கிறவர் அதைச் சொல்லியே தப்பித்துக்கொள்ள முடியாது. தனக்கு வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால், எந்த முகவரிக்கு அனுப்பினோம், என்ன காரணத்தால் திரும்பியது என்பதற்கு நேரடி அத்தாட்சி, தபால்காரர் கைப்பட எழுதிய அந்தக் கவர்தான். அனுப்புநர் இடம் காலியாகவோ தப்பாகவோ இருந்திருந்தால் அந்தக் கவர் கைக்கு வந்திருக்காது.

‘ரிஜிஸ்தர் தபால்’ என்று பல தலைமுறை பழகிய உள்நாட்டுப் பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பதிவு என்பது இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு கேட்டுப் பெறுகிற கூடுதல் சேவை. நோட்டீஸ் மாதிரியான முக்கியக் கவர்களை அனுப்பும்போது, கவுன்ட்டரில் அதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கவரில் எழுதிய அனுப்புநர் முகவரியும், ரசீதில் அச்சாகும் விவரமும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

லிங்கைத் தொடாதீங்க!

பார்சல் காணாமல் போயிருந்த அந்த ஏழு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ‘உங்கள் பார்சல் வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்க்கில் சரிசெய்யவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ். காத்திருந்தவருக்கு வேறென்ன தோன்றும்? தொட்டார். முகவரி கேட்டது, எழுதினார். ‘மறுபட்டுவாடாக் கட்டணம் 25 ரூபாய்’ என்று கார்டு நம்பரும் கேட்டது. பக்கத்தில் இருந்த மகள்தான் போனைப் பிடுங்கினாள். “அம்மா, இது போஸ்ட் ஆபீஸ் சைட்டே இல்லை. மேல பேரைப் பாருங்க.”

தபால் துறை பெயரில் சுற்றும் இந்த மாதிரி மெசேஜ்கள் போலி என்று மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே எச்சரித்திருக்கிறது. முகவரியைச் சரிசெய்யச் சொல்லித் தபால் துறை இப்படி லிங்க் அனுப்புவதில்லை. சந்தேகம் வந்தால், ரசீதில் இருக்கும் 13 எழுத்து எண்ணைத் தபால் துறையின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீடு போஸ்ட் எண் என்றால் முதலில் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஐ.என். என்று முடியும். தெரியாத்தனமாகப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டும். சரியான முகவரியோடு அனுப்பியவருக்கு, பார்சல் எங்கே என்ற தவிப்பு குறைவு. தவிப்பு குறைந்தால், இந்த வலையில் விழுவதும் குறையும்.

திரும்பி வந்ததற்கு ஒரு நோட்டு

இப்போது அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. திரும்பி வந்த பார்சல்களை மட்டும் அதில் எழுதிவைக்கிறார். தேதி, யாருக்கு அனுப்பியது, கவரில் தபால்காரர் எழுதிய காரணம். காரணம்தான் முக்கியம். ‘கதவு பூட்டு’ என்றால் போன் செய்து எப்போது இருப்பார்கள் என்று கேட்டு மறுபடி அனுப்புவார். ‘வீடு மாறிவிட்டார்’ என்றால் தன் பட்டியலில் முகவரியை மாற்றுவார். ‘முகவரி முழுமையில்லை’ என்றால் தான் எழுதியதில் என்ன விட்டுப்போனது என்று வாட்ஸ்அப் மெசேஜோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். ‘வாங்க மறுத்தார்’ என்று இரண்டு முறை வந்த ஒருவருக்கு அடுத்து அனுப்புவதில்லை. அனுப்புநர் முகவரி சரியாக இருப்பதால்தான் இவ்வளவும் அவருக்குத் தெரிகிறது. வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் கவரின் பின்பக்கம் ‘சேராவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி’ என்று அச்சடிப்பது இதற்காகத்தான்.

ஆர்டர் வரும்போது பெறுகிறவரின் முகவரியைக் கேட்பதோடு, “வெளியூர் போறதா இருந்தா முன்னாடியே சொல்லிருங்கம்மா” என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புகிறார். இந்தத் தீபாவளிக்கு ஐம்பத்திரண்டு ஆர்டர். மூன்று பார்சல் திரும்பி வந்தது. மூன்றும் போஸ்ட் பாக்ஸுக்கே வந்து சேர்ந்தன. மூன்றும் மறுபடி போயின.

பழைய முகவரி ஸ்டிக்கரில் மிச்சமிருந்த கட்டை மகள் எடுத்துக்கொண்டாள். டவுன் விலாசத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பள்ளிக்கூட நோட்டுகளுக்கு லேபிளாக்கி, பெயர், வகுப்பு, பிரிவு எழுதுகிறாள். நோட்டு தொலைந்தாலும் திரும்பி வந்துவிடும் என்று, கீழே போஸ்ட் பாக்ஸ் எண்ணையும் பின்கோடையும் அவளாகவே சேர்த்திருக்கிறாள்.